நீங்கள் சிரிப்புக்காகப் போடும் காணொளிகளைப் பற்றி

செய்தி ஆசிரியர்களுக்கும், காணொளிப் பக்கங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் அடிக்கடி வெளியிடும் ஒரு வகைக் காணொளியைப் பற்றித்தான் இந்த மடல். பொது இடம் ஒன்றில் ஒருவர் நின்று பேசிக்கொண்டிருப்பார். பேச்சு நிற்காது. உலகத்தின் எல்லாச் சிக்கலுக்கும் தன்னிடம் தீர்வு இருக்கிறது என்பார். நாடுகளின் தலைவர்கள் தன் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பார். சில சமயம் தானே கடவுள், அல்லது கடவுள் தன்னைத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார் என்பார். கைப்பேசியைப் பிடித்திருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுநடுவே ஒரு கேள்வியைப் போட்டு அவரை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவார். தலைப்பில் இரண்டு சிரிப்பு முகங்கள். கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள்.

நான் ஒரு மனநல மருத்துவக் குழுவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளிகளின் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. உங்கள் காணொளி முடிகிற இடத்தில் எங்கள் வேலை தொடங்குகிறது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் பக்கங்களில் இன்னொன்றும் நடக்கிறது. அரசியல்வாதி ஒருவர் மேடையில் தன் பெருமையை அளந்தால், தொழிலதிபர் ஒருவர் தன்னைப் போல் இந்த உலகத்தில் யாருமில்லை என்றால், உடனே 'மனநோயாளி', 'பைபோலார்', 'மேனியா முற்றிவிட்டது' என்று எழுதுகிறீர்கள். (பைபோலார் என்பது மனநிலை சில காலம் அளவுமீறி ஏறியும் சில காலம் ஆழமான சோர்வில் விழுந்தும் மாறும் நோய்; அந்த ஏறிய கட்டம்தான் மேனியா.) ஆக, உண்மையில் நோயில் இருப்பவர் உங்களுக்குக் கோமாளி. வெறும் ஆணவக்காரர் நோயாளி. இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி அதற்கான விளக்கம்.

தன்னைப் பற்றிப் பெரிதாக நினைக்காத மனிதர் யாருமில்லை. பதினாறு வயதில் உலகத்தையே புரட்டிப்போடுவேன் என்று நம்பாதவர் அபூர்வம். கடவுளோடு பேசுகிறேன் என்று சொல்லும் பக்தர்கள் எல்லாச் சமயங்களிலும் உண்டு; கூட இருக்கிற சமூகமே அந்த நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளும்போது மருத்துவம் அதை நோய் என்று சொல்வதில்லை. அப்படியென்றால் பெருமித எண்ணம், அதாவது தன்னை மிகப் பெரியவராக நம்புவது, எப்போது நோயின் அறிகுறியாகிறது? ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. நேற்று வரை அவர் யாராக இருந்தார் என்று கேட்க வேண்டும்.

எங்களிடம் வரும் குடும்பத்தார் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "இவர் இப்படிப்பட்ட ஆளே இல்லைங்க." நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவர் இப்போது முன்பின் தெரியாதவர்களுக்கு நள்ளிரவில் போன் போடுகிறார். கடன் என்றாலே பயப்படுகிறவர் ஒரே வாரத்தில் மூன்று தொழில் தொடங்க முன்பணம் கொடுத்திருக்கிறார். அளந்து பேசுகிற ஆசிரியை, வகுப்பை விட்டு வெளியே வந்து, கல்வித்துறை முழுவதையும் மாற்றியமைக்கப் போவதாக அறிவித்திருக்கிறார். குடும்பத்தாரின் இந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கள் துறையில் மதிப்பு அதிகம். ஏனென்றால் ஆணவம் அவரோடு வளர்ந்த குணமாக இருந்திருந்தால் அவர்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து நாங்கள் கேட்பது தூக்கம். தூக்கம் வராமல் அவதிப்படுகிறவர் மறுநாள் சுருண்டு கிடப்பார். மேனியாவில் இருப்பவர் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு விடியுமுன் எழுந்து, துளிச் சோர்வும் இல்லாமல் வீட்டையே புரட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். கேட்டால், தூக்கம் தனக்கு இனித் தேவையில்லை என்பார். இந்த ஒரு செய்தியே பல சமயம் பாதி நோயறிதலைச் சொல்லிவிடும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மேனியாவுக்கு இப்படி அளவு வைத்திருக்கிறது. குறைந்தது ஒரு வாரம், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும் மனநிலை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தோ, விரிந்தோ, எரிச்சலாகவோ இருக்க வேண்டும். கூடவே செயலின் வேகமோ உடலின் ஆற்றலோ வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருக்க வேண்டும். அதோடு ஏழு அறிகுறிகளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். மனநிலையில் எரிச்சல் மட்டுமே இருந்தால் நான்கு. அந்த ஏழில் முதலாவது பெருமித எண்ணம். அப்புறம் தூக்கத் தேவை குறைவது, பேச்சு பெருகுவது, எண்ணங்கள் ஒன்றை ஒன்று துரத்துவது, கவனம் சிதறுவது, செயல்கள் மிகுவது, பின்விளைவை யோசிக்காமல் செலவு, பாலுறவு, முதலீடு போன்றவற்றில் இறங்குவது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தால் ஒரு வாரக் கணக்கைப் பார்ப்பதில்லை. உங்கள் காணொளி ஒன்றை எடுத்து இந்த ஏழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சின் வேகம், தாவித் தாவிப் போகும் பொருள், பளபளக்கும் கண், எதிரே இருப்பவர் சிரிக்கிறார் என்பதுகூடக் கவனத்தில் படாத நிலை. நோயறிதல் உங்கள் வேலை இல்லை. திரையைப் பார்த்து நானும் அதைச் செய்யக் கூடாது. ஆனால் 'இது வேடிக்கையாக இல்லாமலும் இருக்கலாம்' என்று ஒரு நொடி தயங்குவதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

பெருமித எண்ணம் மேனியாவில் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாத குரல்கள் கேட்பதும் இல்லாததை நம்புவதுமாக வரும் ஸ்கிட்சோஃப்ரீனியாவிலும் வரும். பிறழ்நம்பிக்கை நோயில், மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்க, 'நான்தான் அதைக் கண்டுபிடித்தேன், என்னிடமிருந்து திருடிவிட்டார்கள்' என்ற ஒரே ஒரு நம்பிக்கை மட்டும் பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும். அப்படிப்பட்டவர் கத்துவதில்லை, ஓடுவதில்லை. நிதானமாக உட்கார்ந்து ஒரு கோப்பு நிறைய ஆதாரங்களைக் காட்டுவார். உங்கள் அலுவலகங்களுக்கே அப்படிச் சிலர் வந்திருப்பார்கள்.

மற்ற நோய்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வயிறு வலித்தால் வலிக்கிறவரே மருத்துவரைத் தேடுவார். மனச்சோர்வில்கூட 'என்னால் முடியவில்லை' என்ற உணர்வு இருக்கும். மேனியாவின் ஆரம்ப நாட்களில் நோயாளிக்கு வாழ்க்கையிலேயே இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. நிறங்கள் கூர்மையாகத் தெரிகின்றன, சொற்கள் தானாக வந்து விழுகின்றன, சந்திக்கிற எல்லோரும் தன்னை விரும்புவதாகத் தோன்றுகிறது. பல வீடுகளில் குடும்பத்தாரும் அந்த முதல் சில நாட்களில் மகிழ்ந்துபோகிறார்கள். நீண்ட சோர்வுக்குப் பிறகு பிள்ளை தெளிந்துவிட்டான் என்று நினைக்கிறார்கள். அப்புறம் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதும் பாய்கிற கோபம், காணாமல் போகிற பணம், வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகும் நள்ளிரவு. தனக்கு நோய் என்பதையே உணர முடியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி. 'அவருக்கே தெரிய வேண்டாமா?' என்று கருத்துப் பெட்டியில் கேட்கிறார்கள். தெரியாது. நோய் கைவைத்திருப்பதே அந்தத் தெரிகிற இடத்தில்தான்.

ஒரு மனிதர் எப்படி இதையெல்லாம் நம்புகிறார் என்ற கேள்விக்கு ஜான் நாஷின் வாழ்க்கையை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1994-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கணிதமேதை. 1959 வாக்கில் ஸ்கிட்சோஃப்ரீனியா தொடங்கியபோது, சிகாகோ பல்கலைக்கழகம் கொடுக்க முன்வந்த பதவியை அவர் மறுத்தார். தான் அண்டார்டிகாவின் பேரரசராகப் போவதாகக் காரணம் சொன்னார். தர்க்கமே தொழிலாக உள்ள நீங்கள், வேற்றுக்கிரகத்தவர் உங்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்பதை எப்படி நம்பினீர்கள் என்று சக கணிதவியலாளர் ஒருவர் மருத்துவமனையில் கேட்டபோது, கணித எண்ணங்கள் எப்படித் தனக்கு வந்தனவோ அப்படியேதான் இவையும் வந்தன, அதனால் நம்பினேன் என்ற பொருளில் பதில் சொன்னார். இதில் ஏமாற்று இல்லை, நடிப்பு இல்லை, விளம்பர ஆசை இல்லை. உண்மையைப் பார்த்ததும் நமக்குள் 'ஆமாம், இதுதான்' என்று ஒரு உறுதி எழுமே, அந்த உறுதி தவறான எண்ணத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதனால் வாதாடிப் பயனில்லை. 1959-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி மருத்துவமனையில் மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தான் இயேசு கிறிஸ்து என்று உறுதியாக நம்பிய மூன்று நோயாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார். ஒரே உலகத்தில் மூன்று கிறிஸ்து இருக்க முடியாதே, முரண்பாட்டை நேருக்கு நேர் பார்த்தால் நம்பிக்கை உடையும் என்பது எண்ணம். இரண்டு ஆண்டுகள் நடந்தது. யாருடைய நம்பிக்கையும் உடையவில்லை. ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் மனநோய் மருத்துவமனையில் இருக்கிற நோயாளிகள்தானே, அதுவே அவர்களுக்குப் புத்தி சரியில்லை என்பதற்குச் சாட்சி என்றார் ஒருவர். நாளுக்கு நாள் அவர்களுடைய வாழ்க்கையில் புகுந்து விளையாட எனக்கு உரிமை இல்லை என்று பிற்காலத்தில் ரோக்கீச்சே வருந்தி எழுதினார். ஆராய்ச்சி என்ற பெயரில் செய்ததற்கே அப்படி வருந்தியிருக்கிறார். பார்வையாளர் எண்ணிக்கைக்காகச் செய்வதற்கு?

கைப்பேசிக்காரர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? "சரி, நீங்கதான் கடவுள்னா இப்ப மழையை வரவையுங்க பார்ப்போம்." "பிரதமருக்கு என்ன உத்தரவு போடப் போறீங்க, சொல்லுங்க." நோயில் இருக்கிறவருக்கு இது சவாலாகவும் படும், அங்கீகாரமாகவும் படும். எப்படிப் பட்டாலும் அவர் மேலே ஏறுவார். கூட்டமும் கேமராவும் இருந்தால் இன்னும் ஏறுவார். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் பானைக்கு அடியில் விறகைத் தள்ளுவது மாதிரி. எங்கள் பயிற்சியில் முதல் பாடமே இதற்கு நேர் எதிரானது: குரலைத் தாழ்த்து, ஆட்களைக் குறை, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறை, மறுக்காதே, ஒத்தும் பாடாதே. "நீங்கள் சொல்வதை என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை, ஆனால் நீங்கள் தூங்கிப் பல நாள் ஆகிறது போலிருக்கிறது, அது எனக்குக் கவலையாக இருக்கிறது." இவ்வளவுதான் சொல்ல முடியும். இதில் காணொளிக்கு ஒன்றும் தேறாது என்பது எனக்கும் தெரிகிறது.

இதை வெறும் 'மனசு' சார்ந்த விஷயமாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் ஒரு வகை நோயாளிகள் நிறைய இருந்தார்கள். தன்னிடம் எண்ணிலடங்காத செல்வம் இருக்கிறது, தானே பேரரசர், தானே நெப்போலியன் என்பார்கள்; கூடவே நாக்கு குழறும், நடை தள்ளாடும், சில ஆண்டுகளில் இறந்துபோவார்கள். 1822-இல் பிரான்சில் அந்துவான் பேல் என்ற இளம் மருத்துவர், இது மூளையை மூடியிருக்கும் சவ்வுகளின் அழற்சியால் வருவது என்று தன் ஆய்வேட்டில் எழுதினார். 1913-இல் நோகுச்சி, மூர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நோயில் இறந்தவர்களின் மூளையிலேயே, பாலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோயின் கிருமியைக் கண்டார்கள். 1917-இல் வியன்னாவில் வாக்னர்-யாவுரெக் என்ற மனநல மருத்துவர் இந்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சலால் சிகிச்சை செய்து பார்த்தார். 1927-இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. 1940களில் பெனிசிலின் வந்தது, அந்த விடுதிப் பேரரசர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோனார்கள். ஒரு கிருமி மூளையில் புகுந்தால் ஒருவர் பேரரசராகிறார், கிருமி ஒழிந்தால் அந்த நோயே வராமல் போகிறது. இதில் குணத்துக்கு என்ன வேலை?

இன்றைக்கும் அப்படிப்பட்ட உடல் காரணங்கள் இருக்கின்றன. அழற்சி நோய்களுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து, குறிப்பாக அளவு கூடும்போது, சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். தைராய்டு மிகையாகச் சுரப்பது, கோகெய்ன், ஆம்ஃபெட்டமைன் போன்ற போதைப்பொருள்கள், தலைக்காயம், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய், பைபோலார் இருப்பது தெரியாமல் வெறும் மனச்சோர்வு என்று நினைத்துக் கொடுத்த மருந்து எனக் காரணங்கள் பல. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் திடீரென்று தன்னை உலகத்தின் மீட்பர் என்கிறார் என்றால், மூளையைப் படமெடுத்துப் பார்க்கத் தோன்ற வேண்டும். உங்களுக்கோ தலைப்பு தோன்றுகிறது.

18ஆம் நூற்றாண்டில் லண்டனின் பெத்லம் மருத்துவமனைக்குள் பொதுமக்கள் போய் நோயாளிகளை வேடிக்கை பார்க்கலாம். அது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 1770-இல் அந்தத் திறந்த அனுமதியை நிறுத்தினார்கள். வேடிக்கை பார்த்தவர் வீட்டுக்குப் போய்விட்டால் அங்கே பார்த்தது அங்கேயே முடிந்துவிடும். உங்கள் பெத்லமில் கதவு சாத்துவதே இல்லை.

இப்போது காணொளிக்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். நான் பார்த்த பலருடைய கதையைச் சேர்த்துச் சொல்கிறேன், ஒருவருடையது இல்லை. மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தைக் கொடுக்கலாம், வேறு மருந்துகள் கொடுக்கலாம். லித்தியத்தின் வரலாறு தனி. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் பத்து மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய சிறு கட்டுரையில் தொடங்கியது. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்க வேண்டும், இருந்தாலும் இன்றைக்கும் முன்வரிசை மருந்து. சில வாரங்களில் பேச்சின் வேகம் குறைகிறது. தூக்கம் திரும்புகிறது. கடவுளாக இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பழைய வேலைக்கும், தன் பழைய கூச்சத்துக்கும் திரும்பி வருகிறார்.

நடந்தது எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மறப்பதில்லை. துண்டு துண்டாகவாவது நினைவிருக்கும். யாரிடம் என்ன பேசினோம், எந்தப் பணத்தை யாருக்குக் கொடுத்தோம், எந்தப் பெண்ணிடம் எப்படி நடந்துகொண்டோம் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். மேனியாவுக்குப் பின்னால் பலருக்கு ஆழமான மனச்சோர்வு வரிசையில் நிற்கும். பைபோலார் உள்ளவர்களிடையே தற்கொலையால் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 20 முதல் 30 மடங்கு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சோர்வின் நடுவில் இருக்கும் ஒருவருக்கு யாரோ ஒரு பழைய நண்பர் உங்கள் காணொளியை அனுப்பிவைக்கிறார், "இது நீதானே?" என்று. அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். அதற்குப் பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கிறார்; நேர்முகத்தில் எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார். மகள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். நோயின் ஒரு சுற்று சில வாரங்களோ மாதங்களோதான். உங்கள் காணொளிக்கு அந்த மாதிரி முடிவு கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகம் முழுவதும் 4 கோடிப் பேருக்கு பைபோலார் இருந்தது. இவர்களில் பெரும்பாலோரை நீங்கள் அடையாளம்கூடக் காண முடியாது. மருந்து எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, உங்கள் செய்தியைப் படித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தக் காணொளியையும் பார்க்கிறார்கள். கீழே இருக்கும் கருத்துகளையும் படிக்கிறார்கள்.

இனி மறுபக்கம், ஆணவக்காரரை நோயாளி என்று எழுதுவது. இதைக் கொஞ்சம் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் வலுவானவர்கள். 1964-இல் அமெரிக்கத் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, ஃபேக்ட் என்ற இதழ் ஆயிரக்கணக்கான மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, அவர் மனத்தளவில் தகுதியானவரா என்று கேட்டது. 1,189 பேர் தகுதியில்லை என்று சொன்னதாக அட்டையிலேயே போட்டது. அவர்களில் பலர் அவரை நேரில் பார்த்துப் பேசியதுகூட இல்லை. பெருமித எண்ணம் உட்பட வாய்க்கு வந்த நோய்களையெல்லாம் எழுதித் தள்ளியிருந்தார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத, ஒப்புதல் தராத ஒரு பொது மனிதரைப் பற்றி மருத்துவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று தன் அறநெறியில் விதியே சேர்த்தது. மருத்துவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் தலைப்பு எழுதுகிறவருக்கு?

தன்னை மிக உயர்வாக நினைப்பதும், புகழுக்கு ஏங்குவதும், அடுத்தவர் வலி மனத்தில் படாததும் இளம் வயதிலிருந்தே ஒருவரோடு ஒட்டிவருகிற ஆளுமைச் சிக்கலாக இருக்கலாம். அதற்கும் மருத்துவத்தில் இடமுண்டு. வெறும் அதிகாரத் திமிராகவும் இருக்கலாம்; அதற்கு மருத்துவத்தில் இடமில்லை, தேர்தலிலும் நீதிமன்றத்திலும்தான் இடம். ஒரு தலைவர் பொய் சொன்னால் பொய் என்று எழுதுங்கள். கொள்ளையடித்தால் கொள்ளை என்று எழுதுங்கள். நோய் என்று எழுதும்போது அவருடைய பொறுப்பையும் நீங்களே இறக்கிவைத்துவிடுகிறீர்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. புதிதாக நோய் கண்ட ஒரு இளைஞனிடம் 'உனக்கு இருப்பது பைபோலார்' என்று மருத்துவர் சொல்லும்போது, அவன் மனத்தில் வந்து நிற்பது உங்கள் தலைப்புகளில் பார்த்த கொடுங்கோலர்களின் முகம். 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று எழுந்து போகிறான். அந்த மறுப்பில் ஒரு பகுதி நோயால் வருவது, இன்னொரு பகுதி உங்களால் வருவது.

உங்கள் தரப்பில் ஒருவரோடு இதைப் பேசியபோது அவர் சொன்ன வாதம் ஒன்றுக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். "அவரே சம்மதித்தார், அவரே எடுக்கச் சொன்னார், பரப்பச் சொன்னார்" என்றார். கட்டாயம் சொல்லியிருப்பார். மேனியாவில் இருப்பவர் எதற்கும் சம்மதிப்பார். வீட்டை விற்கச் சம்மதிப்பார், அன்று சந்தித்தவரைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதிப்பார். உலகத்துக்கே அவசரமான செய்தி தன்னிடம் இருப்பதாக நம்புகிறவர் கேமராவை வேண்டாம் என்றா சொல்வார்? பின்விளைவை எடைபோடும் திறன் அப்போது அவரிடம் இல்லை. அந்த நிலையில் வாங்கிய சம்மதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் யாரிடம் நியாயம் பேசுவீர்கள்? நல்ல தூக்கம் தூங்கி, மருந்து எடுத்து, தெளிந்து உட்கார்ந்திருக்கும் அதே மனிதரிடம் போய்க் கேளுங்கள். அவர் சரி என்றால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

செய்தியாக்கியே தீர வேண்டிய தருணங்களும் உண்டு, மறுக்கவில்லை. போக்குவரத்து நின்றது, யாருக்கோ அடிபட்டது, காவல்துறை தலையிட்டது என்றால் எழுதத்தான் வேண்டும். நோய் என்பதற்காக அவர் செய்த தீங்கை மறைக்கச் சொல்லவும் இல்லை, அடிபட்டவருக்கு அடிபட்டதுதான். நடந்ததை எழுதுங்கள். அவருடைய முகமும் பெயரும் அதற்குத் தேவையில்லை. அவர் உளறியதை வரிவரியாக மேற்கோள் காட்டவும் தேவையில்லை. தற்கொலைச் செய்திகளை எப்படி எழுதுவது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-இல் ஊடகங்களுக்காக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பின்னர் சில முறை திருத்தியும் வெளியிட்டது. உங்களில் பலர் இன்று தற்கொலைச் செய்தியின் அடியில் உதவி எண் போடுகிறீர்கள், முறையை விவரிக்காமல் விடுகிறீர்கள். அந்தப் பழக்கமும் ஒரே நாளில் வந்ததில்லை. இந்த வகைச் செய்திக்கும் அப்படி ஒரு வழக்கத்தை உங்கள் அறைகளுக்குள்ளேயே உண்டாக்க முடியும். செய்தியின் அடியில் நான்கு வரி போதும்: பேச்சும் செலவும் திடீரென்று கூடி, தூக்கம் குறைந்தும் சோர்வே இல்லாமல் ஒருவர் தன்னை அசாதாரணமானவராகச் சொல்லத் தொடங்கினால், அது சிகிச்சை உள்ள ஒரு நோயின் தொடக்கமாக இருக்கலாம், வாதாடாதீர்கள், பணப் பொறுப்பையும் வாகனச் சாவியையும் கவனியுங்கள், சில நாட்களுக்குள் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதைப் படிக்கிற பல்லாயிரம் பேரில் யாரோ ஒருவருக்குத் தன் தங்கையின் முகம் நினைவுக்கு வரும்.

களத்தில் நிற்கும் உங்கள் நிருபர்களுக்கு ஒன்று. அப்படி ஒருவரைப் பார்த்தால் கேமராவை இறக்கிவிட்டு, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சட்டைப்பையிலோ கைப்பேசியிலோ வீட்டு எண் இருக்கும். கூட்டத்தைக் கொஞ்சம் விலகச் சொல்லுங்கள். அவசர உதவியை அழையுங்கள். இதற்கு மனநலப் படிப்பு எதுவும் வேண்டாம்.

கடைசியாக, ஏற்கெனவே போட்டவை. உங்கள் பக்கங்களில் பழைய காணொளிகள் கிடக்கின்றன, அவற்றை வைத்து மற்றவர்கள் வெட்டி ஒட்டியவையும் கிடக்கின்றன. அவற்றை நீக்கச் சொல்லிக் குடும்பங்கள் உங்களுக்கு எழுதுகின்றன. சிலவற்றை எழுத நானே உதவியிருக்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை; வந்தால், உரிமைச் சான்று கொடுங்கள், மருத்துவச் சான்று கொடுங்கள் என்று வருகிறது. ஒருவருடைய நோய்க் குறிப்பை ஒரு காணொளிப் பக்கத்துக்கு அனுப்பித்தான் அவருடைய முகத்தை மீட்க வேண்டுமா? இப்படி வருகிற மடல்களைப் படிக்க ஒரு ஆளை வையுங்கள். அதில் இருப்பவரோ அவருடைய குடும்பமோ கேட்டால், சான்று கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடுவது என்று ஒரு விதி போடுங்கள். அந்த ஆளின் மின்னஞ்சல் முகவரியை, தேடினால் கிடைக்கிற இடத்தில் போட்டுவையுங்கள். முகவரி வந்ததும் நான் அனுப்ப வேண்டிய மடல்கள் சில காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு மனநலச் சமூகப் பணியாளர்